தட்டும் கையும் தட்டப்படும் கதவும்

வீட்டை வீடாக்குவது சுவர் அன்று, கதவே ஆகும். நான்கு சுவர் இருந்தும் கதவு இல்லையேல் அது சாவடி. சுவரும் கதவும் இருந்து, அக்கதவைத் திறக்க உள்ளிருப்பவன் அஞ்சுவானாயின் அது சிறை. தன் கதவைத் தானே அச்சமின்றித் திறக்கக்கூடியவனே தன் வீட்டில் வாழ்கின்றான்; மற்றையோன் அதில் ஒளிந்திருக்கின்றான்.

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த நமக்குக் கதவு தட்டும் ஓசை புதிதன்று. வரிசையாய் அமைந்த லைன் வீடுகளில் ஒரு கதவைத் தட்டினால் ஐந்து வீட்டார் எழுந்து வருவர். இரவு ஷிஃப்டுக்குச் சென்ற மகன் திரும்பிவிட்டான் என்று தாய் மகிழ்வதும் அவ்வோசையால்தான். சுரங்கத்துள் பாறை வெடித்த நாளில் அவன் திரும்பான் என்று அவள் அறிந்ததும் அவ்வோசையால்தான். எனினும் இவ்விரண்டும் அல்லாத மூன்றாம் ஓசை ஒன்று உண்டு. அது தட்டப்படும் முன்னரே கேட்பது. பல்லாண்டு தட்டப்படாமலேயே ஒருவனை நாள்தோறும் விழிக்கச் செய்வது. தீர்க்கப்படாத பிடியாணை ஒன்றைத் தலைமேல் சுமந்து வாழ்பவன் கேட்கும் ஓசை அது. அதனைக் குறித்தே ஈண்டுச் சிறிது எண்ணிப் பார்க்கின்றோம்.

சிறு குற்றமும் நெடுங்காலமும்

பிடியாணை என்ற சொல்லைக் கேட்டவுடன் கொலையும் கொள்ளையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நீதிமன்றக் கட்டுகளில் உறங்கும் ஆணைகள் எல்லாம் கொடியோர்மேல் பிறந்தவை அல்ல. பயணச்சீட்டு இன்றி ரயில் ஏறியது, தெருக்குழாயடியில் தொடங்கிய கைகலப்பு, திருவிழா நாளில் ஆடிய சீட்டு, கட்டாமல் விட்ட வண்டி அபராதம் போன்ற சிறு குற்றங்களுக்காக எழுந்து, வழக்குக்கு உரியவர் வாராமையால் பிடியாணையாக முதிர்ந்தவையும் அவற்றுள் உண்டு.

ஒருவரை எண்ணிக் கொள்வோம். அவர் கற்பனை மாந்தரே. எனினும் நம் தெருவில் எவராகவும் இருக்கக் கூடியவர். பெயர் வேண்டா, அண்ணன் என்றே அழைப்போம்.

2000ஆம் ஆண்டுப் பொங்கல். சயனைட் மேட்டின் மறைவில் நண்பர் நால்வரோடு அண்ணன் 'உள்ளே வெளியே' ஆடிக் கொண்டிருக்கின்றார். போலீசார் வருகின்றனர். மற்றவர் ஓடிவிடுகின்றனர். சுரங்கத்தில் முழங்காலில் அடிபட்டவர் ஆதலின் அண்ணனால் ஓட முடியவில்லை. பிடிபட்டார், வழக்குப் பதிவாயிற்று. உடன் வேலை செய்யும் தோழர் ஒருவர் தம் சம்பளச் சீட்டைக் காட்டிப் பிணை நின்றார். முதல் தவணைக்கு அண்ணன் சென்றார். அன்று நீதிபதி விடுப்பு. இரண்டாம் தவணையன்று வேலை. மூன்றாம் தவணை எந்த நாள் என்பதே மறந்து போயிற்று.

இதற்கிடையே 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டு இயங்கிய சுரங்கத்தின் சங்கு ஓய்ந்தபோது, ஒரு சீட்டாட்ட வழக்கை நினைவில் வைத்திருக்க எவரால் இயலும்? பிறரைப் போலவே அண்ணனும் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குச் சென்றார். பின்னர்க் குடும்பத்தோடு ஓசூர்ப் பக்கம் குடியேறினார். அவரைத் தேடி வந்த அழைப்பாணை பழைய லைன் வீட்டின் எண்ணுக்கு வந்தது. அது கன்னடத்தில் இருந்தது. வாங்கியவர்க்குப் படிக்கத் தெரியவில்லை. மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தார். சில திங்கள் கழித்துக் காவலர் ஒருவர் வந்து, "அவன் எங்கே?" என்று கேட்டுச் சென்றார் என்ற செய்தி மட்டும் ஓசூரை அடைந்தது.

அன்று தொடங்கியது அவருடைய தண்டனை.

தங்கை மகள் திருமணத்திற்கு அவர் வரவில்லை. மொய் மட்டும் வந்தது. தாய் இறந்தபோது இரவோடு இரவாக வந்து, முகம் பார்த்து, கொள்ளி வைப்பதைத் தம்பியிடம் விட்டுவிட்டு விடியுமுன் சென்றார். தெருவில் காக்கிச் சட்டை தென்பட்டால், அது தபால்காரருடையதே ஆயினும், பேச்சை நிறுத்தினார். மஸ்கட்டில் வேலைக்கு ஆள் எடுக்கின்றார்கள் என்று மைத்துனர் சொன்னபோது, "வெளிநாடு நமக்கு ஒத்து வராது" என்றார். காரணத்தை மனைவி ஒருத்தியே அறிவாள். தந்தை ஏன் தங்கவயலுக்கு வருவதில்லை என்று பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் ஒரு பொய் தேவைப்பட்டது. அப்பொய்யைக் காக்க வேறொரு பொய் தேவைப்பட்டது.

அவர் ஆடியது அரைமணி நேர ஆட்டம். அதற்குச் சட்டம் விதித்திருக்கக் கூடியது பெரும்பாலும் ஒரு சிறு அபராதம். அவர் தமக்குத் தாமே விதித்துக் கொண்டதோ இருபது ஆண்டு ஊர் விலக்கு. அவர் ஆடிய ஆட்டத்தின் பெயரே அவர் வாழ்க்கைக்கும் பெயராயிற்று. சிறைக்கு உள்ளேயும் இல்லை, அச்சத்திற்கு வெளியேயும் இல்லை.

காலம் கரைக்காத காகிதம்

"இத்தனை ஆண்டாயிற்று, இனி யார் தேடப் போகின்றார்கள்? வழக்கு செத்திருக்கும்" என்று ஆறுதல் கூறுவார் உளர். இஃது உண்மையா என்று காண்போம்.

சிறு குற்றங்களுக்குக் கால வரம்பு உண்டு என்பது மெய்யே. அபராதம் மட்டுமே தண்டனையாயின் ஆறு திங்கள். ஓராண்டு வரை சிறையாயின் ஓராண்டு. மூன்றாண்டு வரையாயின் மூன்றாண்டு. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வகுத்த இவ்வரம்பு, 2024 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கின்றது. ஆனால் இவ்வரம்பு, நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுப்பதற்கு உரியது. எடுத்த பின்னர் எழும் பிடியாணைக்கு இத்தகைய வரம்பு இல்லை. அது நிறைவேற்றப்படும் வரையிலோ, பிறப்பித்த நீதிமன்றமே விலக்கும் வரையிலோ உயிரோடு இருக்கும். அரசு தூங்கினால் அதற்குக் காலக் கெடு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவன் தூங்கினால் அவனுக்குக் காலக் காப்பு இல்லை.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் கர்நாடக மாநிலத்தின் வடகோடியில் உள்ளது பீதர் மாவட்டம். அங்கே 1965ஆம் ஆண்டில் இரண்டு எருமைகளும் ஒரு கன்றும் களவு போயின. இருவர் பிடிபட்டுப் பிணையில் வெளிவந்தனர். பின்னர் நீதிமன்றத்தின் அழைப்புக்கு வரவில்லை. அவருள் ஒருவர் 2006இல் இறந்தார். மற்றவர் அண்டை மாநிலமான மகாராட்டிரத்தில் வாழ்ந்து வந்தார். நெடுநாள் நிலுவையில் கிடந்த வழக்குகளைத் தூசி தட்டிய போலீசார், 2023ஆம் ஆண்டில் அவரைத் தேடிக் கண்டு கைது செய்தனர். களவு நடந்தபோது அவருக்கு வயது 20 அளவு. கைதானபோது 78 அளவு. முதுமை கருதி நீதிமன்றம் அவரைப் பிணையில் விடுத்தது.

இச்செய்தியைப் படித்த பலரும் நகைத்தனர். எருமைகள் இறந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆயினும் நாம் நகைக்கவில்லை. ஐம்பத்தெட்டு ஆண்டு! ஒரு மனிதன் இளைஞனாகி, கணவனாகி, தந்தையாகிக் கிழவனாகும் காலம் அது. அக்காலமெல்லாம் அவர் அவ்வழக்கை மறந்திருந்தாரோ, நினைந்திருந்தாரோ, நாம் அறியோம். மறந்திருப்பின் முதுமையில் அது இடியாய் விழுந்தது. நினைந்திருப்பின் இளமை முழுவதும் அது கறையானாய் அரித்தது. இரண்டனுள் எது கொடிது?

கடன் யாருக்கு?

இனி அறத்தின் வினாவுக்கு வருவோம். சீட்டாடியவர் இருபது ஆண்டு ஒழுக்கமாய் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டார். அந்தப் பழைய பிழைக்காக இன்னும் அவர் நீதிமன்றப் படியேற வேண்டுமா? "நல்வாழ்க்கையே கழுவாய், காலமே தண்டனை" என்பது ஒரு கட்சி. "சட்டம் சட்டமே, சிறிது பெரிது என்பது இல்லை" என்பது மறு கட்சி. முதற்கட்சி கனிவுடையது, ஆனால் ஒன்றைக் காணத் தவறுகின்றது. மறு கட்சி உறுதியுடையது. ஆனால் மனிதனைக் காணத் தவறுகின்றது.

நம் கருத்தில், இவ்வழக்கில் கடன்கள் இரண்டு. முதலாவது, ஆடிய ஆட்டத்துக்கான கடன். அது சிறிது, காலத்தால் அது தேய்ந்துவிட்டது என்றே கொள்வோம். இரண்டாவது, "வருகின்றேன்" என்று சொல்லிவிட்டு வாராமற் போனதற்கான கடன். பிணை என்பது பணம் அன்று; வாக்கு. கம்பிக்கு அப்பால் நின்றவனை, அவன் சொல்லை நம்பி வெளியே விடுகின்றது ஊர். அச்சொல் பொய்த்தால் அடுத்து வரும் ஏழையின் சொல்லும் எடுபடாது. சட்டமும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே இருக்கின்றது. பிணையில் வந்தவர் தக்க காரணமின்றி வாராதிருப்பதைத் தனிக் குற்றமாக்கி, ஓராண்டு வரை சிறை என்று 2006 முதல் அது விதித்துள்ளது. எனவே மூலக் குற்றத்தினும் மறைந்ததன் குற்றம் பெரிதாகி நிற்றல் கூடும்.

இங்கே நாம் ஒருவரை மறந்துவிட்டோம். பிணை நின்ற தோழர்! அண்ணன் வாராதபோது நீதிமன்றம் அவரை அன்றோ கேட்கும்? தாம் எழுதிக் கொடுத்த தொகையை அவர் அன்றோ கட்ட நேரும்? சுரங்கம் மூடி, பணிக்கொடைக்குக் காத்திருந்த நாளில் அவர் அதனைக் கட்டியிருப்பார். கட்டிவிட்டு, பழகிய தோழமைக்காக வாய் திறவாமல் இருந்திருப்பார். கிரேக்கக் கதையில் டேமன் என்பான் தன் நண்பன் பிதியசுக்காகக் கொடுங்கோலனிடம் உயிரையே பிணை வைத்தான். பிதியஸ் உரிய நேரத்தில் ஓடிவந்து நண்பனை மீட்டான். அக்கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றோம். ஆனால் நம் லைன் வீட்டில் ஒரு டேமன் இருந்ததையும், அவனுக்குப் பிதியஸ் திரும்பி வாராததையும் சொல்லுவதில்லை. ஆதலின், அண்ணன் தலைமறைவாய் இருப்பது அரசிடமிருந்து மட்டும் அன்று. கடன் சொல்லாத நண்பனின் கண்களிலிருந்தும் ஆகும். நீதிமன்றம் மன்னித்தாலும் அக்கண்களைச் சந்திக்காதவரை அவர் விடுதலை பெறார்.

பிரெஞ்சுப் பேராசிரியன் விக்டர் யூகோ எழுதிய பெருநாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். 1950இல் நாகையா நடித்துத் திரைப்படமாகவும் அது வந்தது. துரத்தும் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், அதன்பின் ஜாவர் சீதாராமன் என்றே வழங்கப் பெற்றார். ஒரு ரொட்டிக்காகச் சிறை சென்றவன் விடுதலைக்குப் பின் மற்றுமொரு சிறு பிழை செய்கின்றான். அதற்காக மீண்டும் தேடப்படுகின்றான். பெயர் மாற்றி வாழ்ந்து, நகரத் தலைவனாகி, ஏழைகளுக்கு வாழ்வளிக்கின்றான். அந்நிலையில் வேறொருவன் 'அவனே இவன்' என்று பிடிபட்டு நீதிமன்றத்தில் நிற்கின்றான். வாய் திறவாதிருந்தால் போதும்; பழைய பெயர் அந்த ஏழையோடு ஒழிந்துவிடும். ஓர் இரவு முழுவதும் உள்ளத்தோடு போராடிய பின், நகரத் தலைவன் நீதிமன்றம் சென்று, "நீங்கள் தேடுபவன் நான்" என்கின்றான். அவனை அங்கே கொண்டு சென்றது சட்டம் அன்று. தன் சுமையைப் பிறனொருவன் சுமத்தல் ஆகாது என்னும் மனம். அண்ணனுக்கும் அந்த இரவு ஒன்று வரவேண்டும் என்பதே நம் விருப்பம்.

பொற்கை

இதற்கு ஈடான கதை நம்மிடமும் உண்டு. மதுரையில் கீரந்தை என்னும் அந்தணன், "வேந்தனின் காவலே உனக்கு வேலி" என்று மனைவிக்கு உறுதி கூறிவிட்டு வெளியூர் சென்றான். நகர்வலம் வந்த பாண்டியன் அச்சொல்லைக் கேட்டான். நாள்தோறும் அவ்வீட்டை மறைந்து நின்று காத்தான். ஓரிரவு உள்ளே ஆண்குரல் கேட்டது. ஐயுற்றுக் கதவைத் தட்டினான். உள்ளே இருந்தவன் ஊர் திரும்பிய கணவனே. தட்டியவன் யார் என்ற ஐயம் அப்பெண்மேல் விழாதிருக்க, அத்தெருவின் கதவுகளை எல்லாம் தட்டிவிட்டு மறைந்தான் வேந்தன். மறுநாள் தெருவினர் அவையில் முறையிட்டனர். "அக்கையை வெட்டுவதே தக்கது" என்று தீர்ப்பாயிற்று. "அக்கை இது" என்று தன் கையைத் தானே வெட்டினான் அவன். பின்னர்ப் பொன்னால் செய்த கையை அணிந்தமையால் பொற்கைப் பாண்டியன் எனப்பட்டான்.

இக்கதையில் நாம் வியப்பது வெட்டுண்ட கையை அன்று. தண்டனை மிகையானது, இக்கால அறம் அதனை ஏற்காது. நாம் வியப்பது, தேடப்படுபவன் எவன் என்று உலகம் அறியாதிருந்தபோது, அறிந்த ஒருவனாகிய அவனே சொல்லியதை. குற்றம் சிறிது, நோக்கம் தூயது, சான்று ஏதுமில்லை, கேட்பாரும் இல்லை. ஆயினும் அவன் மறையவில்லை. பூமியின் அடியிலிருந்து பொன் எடுத்த ஊர் நம்முடையது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி எடுத்தோம். பாறையை உடைத்து, அரைத்து, நஞ்சில் கரைத்த பின்னரே பொன் பிரிந்தது. உண்மையைச் சொல்லும் துணிவும் அவ்வாறே; இருபது ஆண்டு அச்சத்தை உடைத்த பின்னரே அது வெளிப்படும்.

கோலின் கடமை

எனினும் ஏழையை நோக்கி மட்டும் அறம் பேசுதல் எளிது. கோல் ஏந்தியவர் நோக்கியும் பேசுதல் வேண்டும். கோவலனின் கதையை எண்ணுங்கள். அவனும் பொன் தொடர்பான குற்றச்சாட்டில் மாண்டவனே. பொற்கொல்லன் சொல் கேட்ட வேந்தன், குற்றம் சாட்டப்பட்டவனின் சொல்லைக் கேளாமல் ஆணையிட்டான். கேளாத ஆணையால் மாமதுரை எரிந்தது என்பதே அக்காப்பியம் நமக்குக் கூறும் அரசியல் பாடம்.

தங்கவயலின் வரலாற்றிலும் இப்பாடம் எழுதப்பட்டிருக்கின்றது. மைசூர் அரசின் பழைய சுரங்கச் சட்டத்தில், தங்கக் கல் ஒருவன் கையில் இருந்தால் அது நேர்வழியில் வந்தது என்று காட்டும் பொறுப்பு அவன் தலையிலேயே வைக்கப்பட்டிருந்தது. உழைப்பவன் முதலில் ஐயத்துக்கு உரியவன், பின்னரே மனிதன். 1930ஆம் ஆண்டில் தொழிலாளர் கைரேகைகளைப் பதிவு செய்ய முற்பட்டபோது, நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தனர். கைரேகை, அந்நாளில் குற்றவாளியோடு சேர்த்து எண்ணப்பட்ட அடையாளம். பொன்னைத் தோண்டிய விரல்கள் அதற்கு இணங்கவில்லை. அத்தகையோரின் பேரப்பிள்ளைகள் காவல்நிலையத்தின் பெயரைக் கேட்டாலே ஒதுங்குவது கோழைமையால் மட்டும் அன்று; அவ்வச்சத்துக்கு ஒரு வரலாறும் உண்டு.

மொழியையும் எண்ணுதல் வேண்டும். நீதிமன்றத்தினுள் சாட்சியம் தெரியாத மொழியில் நடந்தால், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதனை மொழிபெயர்த்துக் கூறுதல் வேண்டும் என்று சட்டம் சொல்லுகின்றது. ஆனால் வாசலில் வந்து விழும் காகிதத்துக்கு மொழிபெயர்ப்பாளர் எவரும் இல்லை. நாம் வாழும் மண்ணின் மொழியாகிய கன்னடத்தைக் கற்பது நம் கடமை. நம் பிள்ளைகள் கற்றும் வருகின்றனர். எனினும் ஆலையும் சுரங்கமும் மூடி முகவரிகள் சிதறிய ஊரில், படிக்கத் தெரியாதவன் பெயருக்குப் பழைய வீட்டு எண்ணில் ஓர் ஆணையை அனுப்பிவிட்டு, 'வரவில்லை' என்று எழுதுதல் நீதியின் முழுக் கடமை ஆகாது.

உச்ச நீதிமன்றமே இதனை வற்புறுத்தியுள்ளது. முதலில் அழைப்பாணை, பின்னர்ப் பிணையில் விடத்தக்க ஆணை, அதன் பின்னரே பிணையில்லாப் பிடியாணை என்னும் படிமுறையை 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று விளக்கிற்று. 2011இல் வந்த வழக்கு ஒன்று, விலக்கப்பட்டுவிட்ட ஆணையைக் கொண்டே மும்பையில் ஒரு வழக்கறிஞர் 2002இன் விடுதலைத் திருநாளன்று கைது செய்யப்பட்டதைப் பற்றியது. அதில், ஆணைகளைப் பதிவேட்டில் முறையாகக் குறித்துக் கண்காணிக்க நெறிகள் வகுக்கப்பட்டன. சட்டம் அறிந்தவர்க்கே இந்நிலை எனின், சுரங்கத் தொழிலாளி எம்மட்டு!

பிற நாட்டு நிகழ்ச்சிகளும் நமக்குப் பாடமாகும். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஃபெர்குசன் என்னும் சிறு நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 21,000. 2014ஆம் ஆண்டின் இறுதியில் அந்நகர நீதிமன்றம் பிறப்பித்து நிலுவையில் இருந்த ஆணைகள் 16,000க்கு மேற்பட்டவர்மீது இருந்தன என்று அந்நாட்டு நீதித்துறையின் 2015ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. அவற்றுள் பலவும் வண்டி அபராதம் போன்ற சிறு பிழைகள் தொடர்பானவை. அவ்வாண்டிலேயே புதிய நீதிபதி ஒருவர் பழைய பிடியாணைகளை ஒட்டுமொத்தமாக விலக்கினார். 2017இல் நியூயார்க் நகரத்தில் பத்தாண்டுக்கு மேற்பட்ட சிறு குற்ற ஆணைகள் 6,40,000க்கும் மேலாகத் தள்ளுபடியாயின. வானம் இடிந்து விழவில்லை; அத்தனை பேரும் தம் கதவுகளை அச்சமின்றித் திறந்தனர். தண்டிப்பதில் மட்டும் அரசின் பெருமை இல்லை. எதனை மறக்கலாம் என்று அறிவதிலும் அது உண்டு.

நாம் செய்யத் தக்கது

ஆயினும் அரசு மறக்கும் வரை காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. நம்முள் பலர் பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். நம் பிள்ளைகள் நாடுவிட்டு நாடு செல்ல விரும்புகின்றவர்கள். 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின்படி, ஒருவர்மேல் பிடியாணை நிலுவையில் இருந்தால் அவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்படலாம். மறந்துபோன பழைய பிழை, புதிய வாழ்வு தொடங்கும் வாயிலில் வந்து வழிமறிக்கும்.

கதவுகள் இல்லாமல் இல்லை. நாம் தட்டாமல் இருக்கின்றோம். வழக்கறிஞர் ஒருவரோடு தாமே முன்வந்து, வாராமைக்குக் காரணம் கூறி, ஆணையை விலக்கக் கோரும் மனு கொடுக்கலாம். இழுத்துவரப்பட்டவனையும் தானே வந்தவனையும் நீதிமன்றம் ஒரே கண்ணால் காண்பதில்லை. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள மிகச் சிறு குற்றங்களில், நீதிபதி அனுப்பும் தனி அழைப்பாணைக்கு அஞ்சல் வழியே குற்றத்தை ஒப்புக்கொண்டு, குறித்த தொகையை அனுப்பி முடித்துவிடும் வழியும் சட்டத்தில் உண்டு. லோக் அதாலத்துகளில் சிறு வழக்குகள் பல ஒரே நாளில் தீர்கின்றன. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பட்டியல் இனத்தார், பெண்கள், ஆலைத் தொழிலாளர் ஆகியோர்க்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உதவியை உரிமையாக்கியுள்ளது. உரிமை, பிச்சை அன்று. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வாயிலில் அதனைக் கேட்டுப் பெறலாம்.

சுற்றத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. ஒருவர் ஊருக்கு வாராதிருப்பதை அறிந்தும், "ஏன்?" என்று கேளாமல் இருப்பதை நாகரிகம் என்று கருதுகின்றோம். முதுகுக்குப் பின்னே பேசுகின்றோம். முகத்துக்கு நேரே உதவுவதில்லை. காட்டிக் கொடுத்தல் வேண்டா, பழித்தலும் வேண்டா. "வாருங்கள் அண்ணே, நாங்களும் உடன் வருகின்றோம்" என்னும் ஒரு சொல் போதும். நீதிமன்றப் படிகளைத் தனியே ஏறுவதற்கே மனிதன் அஞ்சுகின்றான். சங்கம் வைத்து விழா எடுக்கின்ற நாம், படிக்கத் தெரியாதவர்க்கு வந்த ஒரு கன்னடக் காகிதத்தைப் படித்துச் சொல்லும் பணியையும் சங்கத்தின் பணியாகக் கொள்ளலாகாதா?

நாம் கற்பனை செய்த அண்ணனுக்கு ஒரு முடிவு வேண்டும். அவர் ஒரு நாள் ரயிலேறித் தங்கவயலுக்கு வரட்டும். இம்முறை பகலில் வரட்டும். மாரிக்குப்பத்தில் இறங்கி, நீதிமன்றம் செல்லும் முன், பிணை நின்ற தோழரின் வீட்டுக்குச் செல்லட்டும். அவருக்கும் இப்போது வயதாகியிருக்கும். சுரங்கத் தூசி தந்த இருமல் இருக்கும். அண்ணன் அக்கதவைத் தட்டட்டும். இருபது ஆண்டாகத் தம் கதவு தட்டப்படுமோ என்று அஞ்சி வாழ்ந்தவர், முதன்முறையாகத் தாமே ஒரு கதவைத் தட்டும் கணம் அது. தோழர் என்ன சொல்லுவார் என்று நாம் உறுதி கூற இயலாது. சினக்கவும் கூடும், அழவும் கூடும், தேநீர் வைக்கச் சொல்லவும் கூடும். எதுவாயினும் அதன்பின் இருவரும் சேர்ந்து நீதிமன்றத்துக்கு நடப்பர். அங்கே விதிக்கப்படும் அபராதம் எவ்வளவாயினும் அது சிறிதே.

அன்றிரவு அண்ணனின் வீட்டுக் கதவை எவரேனும் தட்டக்கூடும். அண்டை வீட்டுப் பிள்ளை தயிருக்கு உறைமோர் கேட்டு வந்திருக்கலாம். அவரே எழுந்து சென்று திறப்பார். வாழ்க்கையில் மனிதன் அடையத்தக்க செல்வங்கள் பல. அவற்றுள் ஒன்று, கதவு தட்டும் ஓசை கேட்டால் "யாரது?" என்று நிறைந்த குரலில் கேட்டுக்கொண்டே எழுந்து செல்ல முடிதல்.